பாட்காஸ்ட் எபிசோடை வீடியோ தளங்களில் பகிர்ந்து பேச்சை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நல்ல எபிசோடைக் கேட்டு முடித்த சூட்டோடு லிங்கை எடுத்து நாலு இடத்தில் போட்டு, ‘கட்டாயம் கேளுங்க’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் மூன்று லைக், ஒரு கைதட்டல் எமோஜி, அவ்வளவுதான். நானும் முதலில் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு சின்னக் கேட்பாளர் குழுவில் மாடரேட்டராக உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் பிடிபட்டது. ஒன்றரை மணிநேர எபிசோடைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதில் உள்ள ஒன்றரை நிமிடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த ஒன்றரை நிமிடத்தைக் கண்டுபிடித்து எல்லோரையும் அதே நொடியில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் நம் வேலை.

வழிகாட்டி முழுக்க ஒரே கற்பனை உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: 1 மணி 24 நிமிட உரையாடல், பேசுகிறவர் ஒரு மொழிபெயர்ப்பாளர், 41:20-ல் ‘முதல் வரைவு முடியும்வரை நான் அகராதியைத் தொடவே மாட்டேன்’ என்கிறார். பெரும்பாலும் யூடியூபை வைத்தே சொல்கிறேன், ஆள் அதிகம் புழங்குவது அங்கேதான். வேறு தளத்தில் வேறு மாதிரி இருந்தால் அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போன் எண்ணால் சரிபார்க்கப்பட்ட கணக்கு. சரிபார்க்காத யூடியூப் கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது, சொந்தத் தம்ப்நெயிலும் (வீடியோவின் முகப்புப் படம்) வைக்க முடியாது. எல்லாம் தயார் செய்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் நிறைய, அதனால் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள்.

குறிப்பெழுத ஒரு தாள் அல்லது ஃபைல், ஒரு ஹெட்போன். உங்கள் சொந்த பாட்காஸ்ட் என்றால் எடிட் செய்த மூல ஒலி ஃபைலும் எபிசோடுக்கான படமும். அடுத்தவருடையது என்றால் அவர்களுடைய சேனல் லிங்க், தேவைப்பட்டால் அவர்கள் தந்த எழுத்துபூர்வ அனுமதி.

கடைசியாக, வெளியிட்டபின் இரண்டு மணிநேரம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பதிவைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு மேலே உள்ள எதுவும் உதவாது.

1. கேள்வி கிடைக்கும்வரை பகிராதீர்கள்

எபிசோடை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை சும்மா, நடந்துகொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ. எந்த இடத்தில் நீங்கள் நின்று ‘அட, இது சரிதானா?’ என்று யோசித்தீர்களோ அதுதான் உங்கள் இடம். உடனே நேரத்தைக் குறிக்க முடியாவிட்டால் பேசிய விஷயத்தை இரண்டு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள், ‘அகராதி, முதல் வரைவு’ என்று.

இரண்டாம் முறை அந்த இடத்தை மட்டும், அதற்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக் கேளுங்கள். காரணம் இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர் 41:20-ல் அகராதியைத் தொடமாட்டேன் என்கிறார், சரி. ஆனால் 43:05-ல் ‘இது கதைக்கு மட்டும், சட்ட ஆவணம் என்றால் ஒவ்வொரு சொல்லும் பார்ப்பேன்’ என்றும் சொல்கிறார். இதைக் கேட்காமல் முதல் வரியை மட்டும் தூக்கிக்கொண்டு போனால், முழுதாகக் கேட்டவர் ஒருவர் வந்து ஒரே கமெண்டில் உங்கள் பதிவைக் கவிழ்த்துவிடுவார். நியாயமாகவே கவிழ்ப்பார்.

அப்புறம் கேள்வி. ‘உங்கள் கருத்து என்ன?’ என்பதை நான் கேள்வியாகவே எண்ணுவதில்லை. எபிசோடைக் கேட்காதவரும் தன் அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடியதாகவும், கேட்டவர் கூடுதலாக ஒன்று சேர்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ‘தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்று பார்ப்பீர்களா, கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போவீர்களா?’ இதற்கு வேற்றுமொழியில் எதையாவது படித்த யாரும் பதில் சொல்ல முடியும். இப்படி ஒரு கேள்வி கிடைக்கவில்லை என்றால் அந்த எபிசோடை நண்பருக்கு அனுப்பிவிட்டு விட்டுவிடுங்கள், பொதுவில் போட வேண்டாம்.

2. யாருடைய ஒலி, யாருடைய அனுமதி

லிங்க் பகிர யாரையும் கேட்க வேண்டாம். ஒலியை இறக்கி உங்கள் சேனலில் ஏற்றுவது வேறு கதை, அதற்கு அனுமதி வேண்டும். ‘முப்பது நொடிக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை’ என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படி எந்த விதியும் கிடையாது. அமெரிக்கச் சட்டத்தில் உள்ள நியாயமான பயன்பாடு என்ற விலக்கு, எதற்காக எடுத்தீர்கள், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், மூலத்தின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்று நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. நொடிக்கணக்கு அதில் இல்லை. மற்ற நாடுகளில் சட்டம் வேறு மாதிரி இருக்கும். ‘உரிமை என்னுடையதல்ல’ என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் அதே ரக நம்பிக்கைதான்.

நடைமுறையில் எளிய வழி, நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு இரண்டு வரி எழுதுவது. ‘41:20 முதல் 43:30 வரை எடுத்து என் சேனலில் அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன், விளக்கத்தின் முதல் வரியில் உங்கள் எபிசோடின் லிங்க் இருக்கும்.’ சரியான நேரத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால், என் அனுபவத்தில், பெரும்பாலும் சரி என்கிறார்கள். பலர் கிளிப்பை அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். ‘உங்கள் நிகழ்ச்சியைப் பயன்படுத்தலாமா’ என்று மொட்டையாகக் கேட்டால்தான் பதிலே வராது.

இசையை மறந்துவிடாதீர்கள். தொடக்க இசைக்கு நிகழ்ச்சி நடத்துகிறவர் உரிமம் வாங்கியிருக்கலாம், அது உங்களுக்குப் பொருந்தாது. கன்டென்ட் ஐடி, அதாவது பிறர் உரிமையுள்ள ஒலியையும் படத்தையும் கண்டுபிடிக்கும் யூடியூபின் முறை, தானாகவே அதைப் பிடித்துவிடும். அதனால் பேச்சு மட்டும் உள்ள பகுதியிலிருந்து வெட்டுங்கள்.

3. எல்லோரும் எந்தப் பதிப்பைப் பார்க்கப்போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி இதுதான். ஏன் விழுந்தோம் என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் ஆடியோ ஆப்பில் கேட்டு ‘41:20’ என்று எழுதுகிறீர்கள். இன்னொருவர் வேறு ஆப்பில் திறந்தால் அங்கே வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். காரணம் விளம்பரம். பல நிகழ்ச்சிகளில் விளம்பரம் எபிசோடோடு சேர்த்துப் பதிவாவதில்லை. ஒவ்வொருவர் இறக்கும்போதும் அந்த நேரத்தில் எது கிடைக்கிறதோ அது உள்ளே செருகப்படுகிறது. உங்களுக்கு ஒன்றரை நிமிட விளம்பரம் வந்திருக்கும், அவருக்கு அரை நிமிடம், இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒரே எபிசோடு, மூன்று பேருக்கு மூன்று நீளம். யூடியூப் பதிப்பில் அவர்கள் தொடக்கத்தை வேறு மாதிரி எடிட் செய்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

யூடியூப் தன் பங்குக்குப் போடும் விளம்பரங்கள் வீடியோவின் நேரத்தை மாற்றுவதில்லை. எல்லோருக்கும் 41:20 என்பது 41:20-தான். எனவே பேச்சுக்கு ஒரு வீடியோ பதிப்பை அடிப்படையாக வைத்து, நேரக்குறிகள் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுங்கள். ஆடியோவில் குறித்ததை அப்படியே தூக்கிவராமல், வீடியோவைத் திறந்து அந்த இடத்துக்குப் போய்க் காதால் சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

ஆடியோ மட்டும்தான் இருக்கிறது என்றால் நேரத்தோடு அந்த இடத்தில் பேசப்படும் முதல் சொற்களையும் எழுதிவிடுங்கள்: ‘சுமார் 41 நிமிடம், முதல் வரைவு முடியும்வரை என்று தொடங்குகிற இடம்’. தேடுகிறவர் அரை நிமிடம் முன்பின் நகர்த்திப் பிடித்துக்கொள்வார்.

யூடியூப் லிங்கைப் பகிரும்போது பகிர்வுப் பெட்டியில் தொடங்கும் நேரத்துக்கு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டால் லிங்க் நேராக அந்த நொடியில் திறக்கும். நான் எப்போதும் ஐந்தாறு நொடி முன்னால் வைப்பேன். திறந்தவுடனே முக்கிய வாக்கியம் பாதியில் காதில் விழுந்தால் யாருக்கும் புரியாது.

4. சொந்த எபிசோடு என்றால்: ஒலியை வீடியோ ஆக்குவது

அடுத்தவர் எபிசோடைப் பற்றித்தான் பேசப்போகிறீர்கள் என்றால் இந்தப் படியைத் தாண்டி ஐந்துக்குப் போங்கள்.

யூடியூப் எம்பி3, வேவ் ஃபைல்களை நேரடியாக வாங்காது, வீடியோ ஃபைல்தான் வேண்டும். ஏதாவது ஒரு எடிட்டரில் படத்தை வைத்து அதன் நீளத்தை ஒலிக்குச் சமமாக இழுத்து எக்ஸ்போர்ட் செய்தால் போதும். ஆர்எஸ்எஸ் (பாட்காஸ்ட் ஆப்களுக்கு எபிசோடுகளைத் தரும் ஓடை முகவரி) வழியாக இணைத்தால் யூடியூபே நிகழ்ச்சியின் படத்தை வைத்து அசையாப் பட வீடியோவாக மாற்றிக்கொள்ளும். ஆனால் பேச்சு நடக்க வேண்டும் என்றால் ஒரே படம் 84 நிமிடம் நிற்பது உதவாது. தலைப்பு மாறும்போதெல்லாம் திரையில் அந்தத் தலைப்பைக் காட்டுங்கள், எட்டு பத்து படங்கள் போதும். ஸ்க்ரோல் செய்து தேடுகிறவருக்கு அதுதான் மைல்கல்.

சத்த அளவைப் பாருங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைப்பது சுமார் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு, எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்). யூடியூப் சுமார் மைனஸ் 14-ஐ ஒட்டிச் சமன் செய்கிறது, அதைவிடச் சத்தமாக இருந்தால் இறக்கிவிடும், மெதுவாக இருந்தால் பொதுவாக ஏற்றிக்கொடுப்பதில்லை. ஆகவே மெதுவாகப் பதிவான எபிசோடு அங்கே மெதுவாகவே கேட்கும், கேட்கிறவர் ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடுவார். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் லவுட்னெஸ் நார்மலைசேஷன் என்று ஒரு எஃபெக்ட் இருக்கிறது, இரண்டு கிளிக்கில் முடிகிற வேலை.

ஏற்றிய பிறகு எபிசோடுகளை ஒரு பிளேலிஸ்டில் சேர்த்து, யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலை நிர்வகிக்கும் பக்கம்) அந்தப் பிளேலிஸ்டை பாட்காஸ்ட் என்று குறித்துவிடுங்கள். அதற்கு ஒரு சதுரப் படம் கேட்கும்.

5. துண்டு வெட்டுவது

கிளிப் இல்லாமலும் பகிரலாம். ஆனால் யார் என்றே தெரியாத இருவர் பேசும் 84 நிமிட வீடியோவைத் திறக்க யாருக்கும் மனம் வராது, ஒரு நிமிடக் கிளிப் என்றால் பார்த்துவிடுவார்கள்.

அடுத்தவர் வீடியோ என்றால் யூடியூபின் கிளிப் வசதியே போதும், 5 நொடி முதல் 60 நொடி வரை வெட்டலாம். அது மூல வீடியோவின் பக்கத்திலேயே ஓடுவதால் வியூ அவர்களுக்கே போகும், உரிமைச் சிக்கலும் இல்லை. சில சேனல்களில் அந்தப் பட்டன் இருக்காது, அவர்கள் அணைத்துவைத்திருப்பார்கள்.

சொந்த எபிசோடிலிருந்து ஷார்ட்ஸ் போடுகிறீர்கள் என்றால், 2024 அக்டோபர் 15 முதல் 3 நிமிடம் வரையிலான செங்குத்து அல்லது சதுர வீடியோக்கள் ஷார்ட்ஸாகக் கொள்ளப்படுகின்றன. ஆனாலும் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்துவதுதான் நல்லது. ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் கன்டென்ட் ஐடி உரிமைகோரல் விழுந்தால் வீடியோவே முடங்கிவிடும்.

எங்கே வெட்டுவது? தொடக்கத்தில் கேள்வி கேட்பவரின் குரல் இருக்கட்டும். ‘நீங்கள் அகராதி வைத்துக்கொண்டுதான் உட்காருவீர்களா?’ என்று கேட்டபின் பதில் வந்தால் எபிசோடு தெரியாதவருக்கும் புரியும். பதிலில் மட்டும் தொடங்கினால் ‘இவர் எதைப் பற்றிப் பேசுகிறார்’ என்பதே முதல் கமெண்டாக வரும். முடிவில் அவர் சொன்ன நிபந்தனையையும் முடிந்தால் சேர்த்துவிடுங்கள். 43:05-ல் உள்ள ‘இது கதைக்கு மட்டும்’ என்ற வரியை வெட்டி எறிந்தால் கிளிப் சூடாக ஓடும், உண்மைதான். அந்தச் சூட்டில் வருகிறவர்கள் பேச வருவதில்லை, அடிக்க வருகிறார்கள். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்து, வந்த கூட்டத்தைத் துரத்த ஒரு வாரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

திரையில் எழுத்து கட்டாயம் வேண்டும், சத்தத்தை அணைத்துவைத்துப் பார்க்கிறவர்கள் ஏராளம். தானியங்கிச் சப்டைட்டிலை அப்படியே விடாமல் ஒரு முறை படித்துத் திருத்துங்கள், பெயர்களையும் துறைச் சொற்களையும் அது கண்டபடி எழுதும்.

இன்னொன்று: 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் கமெண்டிலும் விளக்கத்திலும் போடும் லிங்குகள் கிளிக் ஆவதில்லை. முழு எபிசோடுக்கு வழிகாட்ட, ஸ்டுடியோவில் தொடர்புடைய வீடியோ என்ற இடத்தில் அதைச் சேருங்கள்.

6. தலைப்பு, விளக்கம், அத்தியாயங்கள்

தலைப்புக்கு 100 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் போனில் முதல் பாதிதான் தெரியும். ‘எபிசோடு 37 | மொழிபெயர்ப்பு பற்றி ஓர் உரையாடல்’ என்று தொடங்கினால் தெரிகிற பாதியில் ஒன்றுமே இருக்காது. ‘முதல் வரைவில் அகராதி வேண்டாம்: ஒரு மொழிபெயர்ப்பாளரின் பழக்கம்’ என்று வைத்து எபிசோடு எண்ணைக் கடைசியில் தள்ளுங்கள்.

விளக்கத்தின் முதல் இரண்டு வரிதான் விரிக்காமலே தெரியும். முதல் வரியில் கேள்வி, இரண்டாம் வரியில் மூல லிங்க். சமூக ஊடக முகவரிகள் எல்லாம் கீழே போகட்டும்.

பிறகு அத்தியாயங்கள். இதில் மூன்று விதி: பட்டியல் 0:00-ல் தொடங்க வேண்டும், ஏறுவரிசையில் குறைந்தது மூன்று நேரங்கள் இருக்க வேண்டும், ஒவ்வோர் அத்தியாயமும் குறைந்தது 10 நொடி இருக்க வேண்டும். ‘அத்தியாயம் வரவே மாட்டேன் என்கிறது’ என்று என்னிடம் கேட்டவர்களில் பெரும்பாலானோர் 0:00-ஐ விட்டிருந்தார்கள். நம் உதாரணத்துக்கு இப்படி:

0:00 இந்த வேலைக்கு வந்தது எப்படி
9:45 ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம்
23:10 எடிட்டரோடு நடந்த தகராறு
41:20 முதல் வரைவில் அகராதி வேண்டாம்
58:05 வட்டார வழக்கை என்ன செய்வது
1:12:30 கேட்பாளர் கேள்விகள்

ஒவ்வொரு வரியும் விஷயத்தைச் சொல்கிறது பாருங்கள். ‘அறிமுகம்’, ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். பத்து பன்னிரண்டுக்கு மேல் போகவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெளியிட்டுக் கமெண்டுகள் வந்தபிறகு ஸ்டுடியோ எடிட்டரில் முன்பகுதியை வெட்டாதீர்கள். லிங்க் மாறாது, ஆனால் வெட்டிய இடத்துக்குப் பின்னால் உள்ள எல்லா நேரமும் நகர்ந்துவிடும், மக்கள் எழுதிய நேரக்குறிகள் மொத்தமும் தவறான இடத்தைக் காட்டும். வெட்டுவதை எல்லாம் முதலிலேயே வெட்டிவிடுங்கள்.

7. வெளியிடும் முன் நான்கு அமைப்புகள்

குழந்தைகளுக்கான வீடியோவா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்தால் கமெண்ட் பகுதியே மூடிவிடும். குழந்தைகளும் பார்க்கலாமே என்ற நல்லெண்ணத்தில் பலர் ஆம் என்கிறார்கள். குழந்தைகளுக்கென்றே எடுத்ததா என்பதுதான் அங்கே கேள்வி. எங்கள் குழுவில் ஒருவர் மூன்று எபிசோடு இப்படிப் போட்டுவிட்டு, யாருமே பேசவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

சந்தேகத்துக்குரிய கமெண்டுகளை நிறுத்திவைக்கும் அமைப்பை மிதமாக வையுங்கள், லிங்க் உள்ள கமெண்டுகளைப் பரிசீலனைக்கு அனுப்பும் வசதியைத் திறந்துவையுங்கள். தடைச் சொற்கள் பட்டியலில் வழக்கமான வசைகளோடு அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதும் வடிவங்களையும் சேருங்கள், பாதிப் பேர் அப்படித்தான் தட்டுகிறார்கள். இதெல்லாம் செய்தால் நல்ல கமெண்டும் சில நேரம் மாட்டிக்கொள்ளும். ஆகவே நிறுத்திவைத்த பட்டியலைத் தினமும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

8. பின் செய்யும் கமெண்ட்

கமெண்ட் பட்டியலின் உச்சியில் ஒட்டிவைப்பதைத்தான் பின் (pin) செய்வது என்கிறார்கள். ஒரே ஒரு கமெண்டைத்தான் அப்படிப் பின் செய்ய முடியும், அடுத்ததைப் பின் செய்தால் பழையது இறங்கிவிடும். அந்த ஒற்றை இடத்தை ‘சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ என்பதற்குக் கொடுத்தால் பேச்சு தொடங்க வேண்டிய இடமே போய்விடும். நான் எழுதுவது இந்த மாதிரி:

‘41:20-ல் முதல் வரைவு முடியும்வரை அகராதியைத் தொடமாட்டேன் என்கிறார், 43:05-ல் கதைக்கு மட்டும் என்று வரம்பு வைக்கிறார். எனக்கு இது சரிப்பட்டு வரவில்லை. சந்தேகமான சொல்லை அங்கேயே பார்க்காவிட்டால் அடுத்த வரி ஓடாது. தெரியாத சொல் வந்தால் நீங்கள் நின்று பார்ப்பீர்களா, கோடு போட்டுவிட்டுத் தாண்டுவீர்களா? என்ன மாதிரி எழுத்து என்பதையும் சொல்லுங்கள்.’

நேரம் இரண்டு இருக்கிறது, கமெண்டில் 41:20 என்று தட்டினாலே அது கிளிக் செய்யும் லிங்காக மாறிவிடும். எழுதியவரின் சொந்த நிலைப்பாடும் இருக்கிறது, ஆனால் ‘அவர் சொல்வது தவறு’ என்ற தீர்ப்பு இல்லை. மறுத்துப் பேச இடம் வைத்தால்தான் மறுப்பார்கள். கடைசியில் ஒரு சின்ன விவரம் கேட்டிருக்கிறது, அதனால் ‘நான் தாண்டுவேன்’ என்ற ஒற்றை வரிப் பதில்கள் குறையும்.

எபிசோடை வெளியிட்ட கையோடு இதைப் பின் செய்யுங்கள். ஒரு மணிநேரம் கழித்துச் செய்தால் அதற்குள் முதல் கமெண்டு எதுவோ அதுவே பேச்சின் திசையைத் தீர்மானித்திருக்கும்.

9. எங்கே, எந்த வரிசையில்

எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போடுவதுதான் வழக்கமான தவறு. பத்துப் பேர் ஐந்து இடத்தில் இரண்டு இரண்டாகச் சிதறினால் எங்கேயும் பேச்சு இருக்காது. ஸ்பாட்டிஃபையிலும் 2024 முதல் எபிசோடுகளுக்குக் கமெண்ட் வசதி வந்துவிட்டது, ஆக சிதற இன்னும் ஓரிடம் கூடியிருக்கிறது.

ஓரிடத்தைப் பேச்சுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இடங்கள் அங்கே வழிகாட்டட்டும். முதலில் உங்களைத் தெரிந்த சின்ன வட்டம், டிஸ்கார்ட் (குழு அரட்டை ஆப்) குழுவோ வேறு ஏதாவதோ. அங்கிருந்து நாலைந்து பேர் வந்து உண்மையாக ஏதாவது எழுதியபிறகு பெரிய இடங்களுக்குப் போங்கள், காலியான அறைக்குள் முதலில் நுழைய யாருக்கும் கூச்சம்தான். நண்பர்களை ‘சூப்பர்’ போடச் சொல்லாதீர்கள். கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் இன்னும் நல்லது.

டிஸ்கார்டில் ஃபோரம் சேனல் வைத்து எபிசோடுக்கு ஒரு இழை தொடங்குங்கள். பொதுச் சேனலில் போட்டால் மதியத்துக்குள் மேலே போய்க் காணாமல் போகும். கதைசொல்லும் நிகழ்ச்சி, குற்ற விசாரணை நிகழ்ச்சி என்றால் முடிவை வெளிப்படுத்தும் வரியின் இரு பக்கமும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு போட்டால் அது மறைந்துவிடும். யூடியூப் கமெண்டில் அந்த வசதி இல்லை, ‘முடிவு பற்றி, கேட்காதவர்கள் தாண்டுங்கள்’ என்று எழுதி நாலைந்து வரி இடம் விட்டுத்தான் எழுத வேண்டும்.

ரெடிட் மாதிரி இடங்களில் போடும் முன் அந்தக் குழுவின் விதிகளைப் படியுங்கள், சொந்த லிங்க் போடுவதற்குப் பல குழுக்களில் தடை உண்டு. அடுத்தவர் வீடியோவின் கமெண்டில் போய் உங்கள் லிங்கை ஒட்டுவது ஸ்பேம்தான், வேறு பெயர் கிடையாது. பெரும்பாலும் அது மற்றவர் கண்ணில் படுவதே இல்லை. உங்கள் கமெண்ட் உண்மையில் தெரிகிறதா என்று பார்க்க, லாகின் செய்யாத தனி விண்டோவில் திறந்து புதியவை முதலில் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள்.

சேர்ந்து கேட்க வைக்க விரும்பினால் ப்ரீமியர், அதாவது குறித்த நேரத்தில் வீடியோவை எல்லோருக்கும் ஒன்றாகத் தொடங்கும் யூடியூப் வசதி. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் பக்கத்துச் சாட் உயிரோடு இருக்கும். ஆனால் சாட்டில் எழுதியது கமெண்ட் பகுதிக்கு வராது. ஓடும்போதே நல்ல வரிகளைக் குறித்துவைத்து, முடிந்தபின் நேரத்தோடு கமெண்டாகப் போடுங்கள். நேரலை முடிந்து வருகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

10. முதல் இரண்டு மணிநேரம்

வருகிற ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் எழுதுங்கள், ஆனால் ‘நன்றி’ என்று எழுதாதீர்கள். நன்றி என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. யாராவது ‘நானும் தாண்டித்தான் போவேன்’ என்றால் ‘திரும்பி வரும்போது எத்தனை சொல்லை உண்மையில் பார்ப்பீர்கள்?’ என்று அடுத்த படியைக் கேளுங்கள். இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் ஒருவரை மற்றவரிடம் அனுப்புங்கள்: ‘மேலே ஒருவர் இதற்கு நேர் மாறாகச் சொல்லியிருக்கிறார், பார்த்தீர்களா?’ மூன்றாவது ஆள் உங்களோடு பேசுவதை விட்டு முதல் ஆளோடு பேசத் தொடங்கும்போது நீங்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளலாம்.

இதயக் குறி தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எழுதியவர் கமெண்டைத் திருத்தினால் அந்த இதயம் போய்விடும், ‘ஏன் எடுத்தீர்கள்’ என்று கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. விளக்கிச் சொல்லி மறுபடி போட்டுவிடுங்கள்.

சண்டை வந்தால்? எபிசோடில் சொன்னதைப் பற்றிய சண்டை என்றால் விடுங்கள், அதற்குத்தானே வந்தோம். பேசியவரின் குரல், தோற்றம், உச்சரிப்பு என்று போனால் அழித்துவிடுங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நடுவில் ஒரு ரகம் உண்டு: எபிசோடைக் கேட்காமலே கிளிப்பை வைத்து ஆவேசமாக எழுதுகிறவர். அவருக்கு நான் எழுதுவது ஒரே வரிதான், ‘43:05-ஐயும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்’. பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வருகிற பாதிப் பேர்தான் பிறகு குழுவிலேயே நன்றாகப் பேசுகிறவர்களாக ஆகியிருக்கிறார்கள்.

11. ஒரு வாரம் கழித்து

பேச்சு அடங்கியபின் கமெண்டுகளை மேலிருந்து ஒரு முறை படித்து, எல்லோரும் குறிப்பிட்ட நேரங்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். நீங்கள் 41:20 என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் ஐந்து பேர் 23:10-ல் எடிட்டரோடு நடந்த தகராறைப் பற்றி எழுதியிருப்பார்கள். அடுத்த கிளிப் அதுதான், வேறு எங்கும் தேட வேண்டாம்.

சொந்த நிகழ்ச்சி என்றால் நல்ல கமெண்ட் இரண்டை அடுத்த எபிசோடில் வாசித்துப் பதில் சொல்லுங்கள், அந்தப் பதில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதை எழுதியவருக்கு அதே கமெண்டின் கீழே போய்ச் சொல்லுங்கள். அடுத்தவர் நிகழ்ச்சி என்றால் அனுமதி தந்தவருக்கு லிங்கை அனுப்பி, பேசிய விருந்தினருக்கும் காட்டச் சொல்லுங்கள். விருந்தினரே வந்து பதில் எழுதினால் உங்கள் கமெண்டை இறக்கிவிட்டு அவருடையதைப் பின் செய்யுங்கள்.